பூட்டும்போது அடித்த மணி

பார்க்கிங் நகரத்தில் பஸ் ஏறி மேல்தட்டில் உட்கார்ந்த கையோடு அருள்மலரின் போன் அதிர்ந்தது. நேற்றுப் போட்ட புதிய செய்திச் செயலிதான். கூட வேலை செய்யும் றூபினியாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தாள். வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாகச் சபாரத்தினம் அண்ணையின் முகம் சிரித்தது.

'வணக்கம் தங்கச்சி. நீங்களும் இதுக்க வந்திட்டியளோ! சந்தோசம்.'

எந்த மனிதருக்குத் தெரியக்கூடாது என்று அதைப் போட்டாளோ, அவரே வாசலில் நின்று வரவேற்கிறார். இருந்தும் விரல் தன்பாட்டுக்கு 'வணக்கம் அண்ணை' என்று எழுதி அனுப்பிவிட்டது. முதலாளி வணக்கம் சொன்னால் பேசாமல் இருக்க அவளை யாரும் பழக்கவில்லை.

ஏலாதவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் நிறுவனம் அவருடையது. மன்னாரிலிருந்து விசா எடுத்து அவளைக் கூப்பிட்டவர். ஹீத்ரோவில் இறங்கிய அன்றே சிம் ஒன்றையும் கையில் திணித்தவர். இன்றும் அதே நம்பர்தான். அவர் கையை விட்டால் விசாவும் போய்விடும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நோயாளியிடம் அவர் ஒருத்தியைத்தான் அனுப்புவார். கேட்பவர்களிடம் இரண்டு பேர் போனோம் என்று சொல்லவும் வேண்டும். அப்படித் தனியே தூக்கித்தான் றூபினியின் இடுப்பு போனது. இப்போது கட்டிலை விட்டு எழும்பச் சுவரைப் பிடிக்கிறாள்.

நேற்றுத் தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே, சயந்தினிதான் அவளும் றூபினியும் இதைப் பற்றித் தன்னோடு ரகசியமாகப் பேசவென்று இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். இங்கேயே பிறந்த பெண். வேலை செய்பவர்களின் முறைப்பாடுகளுக்கு உதவும் சிறிய அமைப்பு ஒன்றில் இருக்கிறாள். "வெரி ஈசி அன்ரி. ஒருத்தரும் பாக்க ஏலாது" என்றாள். போன் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டது. "அலவ் குடுங்கோ, அலவ் குடுங்கோ" என்றாள் சயந்தினி. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிய பழக்கத்தில் அருள்மலர் கொடுத்துக்கொண்டே போனாள்.

பஸ் ஈஸ்ட் ஹாமைத் தாண்டும்போது அடுத்தது வந்தது.

'றூபினியும் நீங்களும் ஒரே நேரத்தில வந்திருக்கிறியள். என்ன விசேஷம்? விசா கண்ணாடிச் சாமான் தங்கச்சி. வைச்சு விளையாடக் கூடாது.'

பக்கத்தில் குட்டியாக ஒரு வட்டம். அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. இறங்கி, மூடிக் கிடந்த கடையொன்றின் வாசலில் நின்று சயந்தினிக்குப் போன் எடுத்தாள்.

"அவருக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"ஓ நோ. அவரிட்டையும் அந்த ஆப் இருக்குதோ? புதுசா ஒரு ஆள் சேர்ந்தால், அவையின்ர நம்பர் வைச்சிருக்கிற எல்லாருக்கும் அது சொல்லும் அன்ரி. நாங்கள் மாத்தாட்டி டீஃபோல்ட்டா அப்பிடித்தான். செற்றிங்ஸில ஓஃப் பண்ண ஏலும். நான் மறந்திட்டன்… சொறி."

"பூட்டு ஒண்டு தந்தியள். பூட்டேக்க ஊருக்கெல்லாம் மணி அடிக்குமெண்டு ஏன் சொல்லேல்லை?"

"அன்ரி, அவர் எழுதினதை எனக்கு அனுப்புங்கோ. அது எவிடென்ஸ்."

அருள்மலர் திரையைப் பார்த்தாள். அவளுடைய 'வணக்கம் அண்ணை' மட்டும் தனியே நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"காணேல்லை."

"தான் எழுதிறதுக்கு டைமர் போட்டிருக்கிறார். வாசிச்சுக் கொஞ்ச நேரத்தில அழிஞ்சிடும். அது பிரைவசிக்கு…"

"ஆரின்ர பிரைவசிக்கு?"

அருள்மலர் விடவில்லை.

"செற்றிங்ஸ் எங்கையெண்டு தெரிஞ்சவைக்கு மட்டும்தானோ ரகசியம்?" என்று கத்தினாள். நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். எங்கேயோ வெளிச்சமான அறை ஒன்றில் இதைச் செய்தவர்கள் கூடியிருந்து, தெரிந்தவர் வந்தால் சொல்லிவிட வேண்டும், மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய போனில் இருப்பவர்கள் எல்லாரும் கூட்டாளிகள் போலும். பயந்து பயந்து பேச வேண்டிய ஓர் அண்ணை அவர்களில் ஒருவருக்கும் இல்லை. பயப்படுகிறவளுக்கென்று செய்த சாமானை, பயப்படுத்துகிறவன் அவளைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறான்.

பற்றீசியாவின் வீட்டில் வெந்நீர் பிடித்து வைத்தாள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன கிழவி. வழக்கம்போல, "மற்ற ஆள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வழக்கம்போல, "லேற்" என்று சொல்ல அருள்மலர் வாயெடுத்தாள். வரவில்லை.

"ஒருத்தரும் இல்லை. நோபடி" என்றாள்.

போன் அதிர்ந்தது.

'பின்னேரம் ஒபிசுக்கு வாங்கோ. போனையும் கொண்டு வாங்கோ. வராட்டி ரெண்டு பேரின்ர விசாவையும் நிப்பாட்டச் சொல்லி நானே எழுதுவன்.'

பக்கத்தில் அந்த வட்டம். அது என்னவென்று இப்போது தெரியும். ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியிருந்தது.

படம் பிடிக்க இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம். அழுத்தினாள். திரை இருண்டது. மறுபடி திறந்து அழுத்தினாள். சத்தம்தான் கூடியது. "ஈசியாம்! இவையின்ர ஈசி!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பற்றீசியாவின் மடியில், பேத்தி வாங்கிக் கொடுத்த பெரிய டேப்லெட் கிடந்தது. முகம் பார்த்துப் பேசவும் படம் எடுக்கவும் மட்டும்தான் அதற்குத் தெரியும். படத்துக்குக் கீழே கோழிமுட்டை அளவில் ஒரு சிவப்புப் பொத்தான்.

அருள்மலர் தன் போனை அவளுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தாள். "பிக்சர். பிளீஸ், பற்றீசியா. குயிக்."

கிழவி அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இடக்கையால் டேப்லெட்டைத் தூக்கினாள். அது சரிந்தது. அருள்மலர் எட்டி மறு ஓரத்தைப் பிடித்தாள். இருவர் பிடியிலும் மெல்ல மெல்ல அது நிமிர, திரைக்குள் தமிழ் எழுத்துகள் ஆடி, மங்கி, ஒரு கணம் தெளிந்தன.

வட்டம் நகக்கீறலாகிவிட்டிருந்தது. டேப்லெட்டை அருள்மலரின் பிடியில் விட்டு, பற்றீசியாவின் இடச் சுட்டுவிரல் சிவப்புப் பொத்தானை நோக்கி இறங்கியது.