வெர்னன் டில்லரியின் கடைசி வாரம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போதே செய்தி வந்துவிட்டது: வெர்னன் டில்லரியை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், பதினொரு வருடம் எங்கள் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர். அவருக்குக் கீழே ஒன்பது வருடம் துணைப் பயிற்சியாளனாக வேலை பார்த்தவன் நான். அந்த சீசனில் எட்டு தோல்வி. மிச்சம் ஒரே ஆட்டம், சனிக்கிழமை, மலைக்கு அந்தப் பக்கத்து ரெட்ஃபீல்டு கல்லூரியோடு. அவர்களை ஜெயித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு என்னைப் பொறுப்பில் போட்டார்கள்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு ஒருவனும் வரவில்லை. “கோச் இல்லாம நாங்க ஆடமாட்டோம்” என்று கேப்டன் டெவன்ட்ரே செய்தி அனுப்பினான்.

அன்று மாலையே டில்லரி விடுதிக்குப் போய் அறை அறையாகக் கதவைத் தட்டினார். மறுநாள் அணி முழுதும் மைதானத்தில் நின்றது. புதன்கிழமை, ரெட்ஃபீல்டை மடக்க அவர் போட்டிருந்த திட்டம் மொத்தத்தையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை, தன்னை நீக்கிய விளையாட்டு இயக்குநர் பிரெஸ்காட்டைத் தேடிப்போய்க் கைகுலுக்கினார்.

“பெரிய மனசுய்யா” என்றார்கள் ஊரில் பாதிப் பேர். “அடுத்த வேலைக்கு நல்ல பேர் வாங்குறாரு” என்றார்கள் மீதிப் பேர். எனக்கே புரியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“கோச், மறைக்காம சொல்லுங்க. எதுக்கு இதெல்லாம்?”

“என்னை மகான் ஆக்கிடாத, லைல். பசங்க ஆடலைன்னா, டில்லரி வளத்தவனுங்க பயந்து ஓடிட்டானுங்கம்பாங்க. தோத்தா, என்னைத் தூக்கினது சரிதாம்பாங்க. ஜெயிக்கணும். அந்த பிரெஸ்காட் எழுந்து நின்னு கைதட்டணும்.”

“அப்போ கைகுலுக்கினது?”

“அவன் மூஞ்சியைக் கிட்டத்துல பாக்கத்தான்!” என்று சிரித்தவர் சட்டென்று குரலைத் தணித்தார். “ஆனா விடுதிக்குப் போனது அதுக்காக மட்டும் இல்லடா. டெவன்ட்ரேயோட அம்மா ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுட்டு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வர்றாங்க. மகன் ஆடுற கடைசி ஆட்டம். அவங்க காலி மைதானத்தையா பாக்கணும்?”

சனிக்கிழமை, முடிய நாற்பது விநாடி. மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். எல்லைக் கோட்டுக்கு இரண்டு கஜம், கடைசி வாய்ப்பு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்திருக்கலாம். பந்தோடு கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி; டில்லரியின் திட்டம் ‘ஓடு’ என்றது. டெவன்ட்ரேயிடம் பந்தைக் கொடுக்கச் சொன்னேன். மூன்று பேரை இழுத்துக்கொண்டே அவன் கோட்டைத் தாண்டி விழுந்தான்.

மைதானமே அதிர்ந்தது. பிரெஸ்காட் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார். டில்லரி அதைப் பார்க்கவே இல்லை. மேல் வரிசையில் டெவன்ட்ரேயின் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் வேலியைத் தாண்டிப் படியேறி அவரைத் தோளில் தூக்கி வந்தார்கள். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். என்னைக் கண்டதும் அங்கிருந்தே கத்தினார்:

“டேய் லைல், மூணாவது குவார்ட்டர்ல ரெண்டு டைம்-அவுட்டை வீணடிச்சிட்டியேடா!”