ஆறு விரல் கையெழுத்து

தன் ஓட்டலுக்கு வந்த முதல் விருந்தாளி வாசல் வழியாக உள்ளே வரவேயில்லை என்றும், ஆனாலும் ஒன்றாம் நம்பர் அறையில் பதினோரு நாள் தங்கியதென்றும், ஆறு விரல் உள்ள காலால் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல் வழியாகவே வெளியேறியதென்றும் மல்லையன் சொன்னார்.

கிணற்றடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் சென்னப்பனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"மொதலாளீ! போன மாசம் உங்க குளிக்கிற தொட்டியில கெளுத்தி மீனு குதிச்சுதுன்னு சொன்னீங்களே, அதையாச்சும் நம்பிக்கறனுங்க. இது ஆவாதுங்க."

சென்னப்பனைக் குற்றம் சொல்ல முடியாது. மல்லையனின் வாய்க்குள் ஒரு முழம் உண்மை போனால் ஒன்பது முழமாகத்தான் வெளியே வரும். வத்தல்மலையில் சாமை விதைக்கிற குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் மலையிறங்கி, பெங்களூர் தண்டில், பட்டாளத்தார் இருந்த பகுதியில், வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் தட்டுக் கழுவப் போனவர் அவர். தான் கழுவிய தட்டுகளை அடுக்கினால் வத்தல்மலைக்குத் தம்பியாக இன்னொரு மலை நிற்கும் என்பார். இருபத்தெட்டு வருஷத்தில் ஹெட் பட்லராகி, 1938இல் திரும்பி வந்து, காரிமங்கலத்துக்கு இரண்டு மைல் தள்ளி மோட்டார் ரோட்டோரமாக 'மல்லையா பேலஸ்' கட்டினார்.

பன்னிரண்டு அறைகள். பன்னிரண்டு ஸ்பிரிங் கட்டில்கள். ஒரு பீங்கான் குளியல் தொட்டி. அதை ஏற்றி வந்த வண்டிக்கு மூன்று இடத்தில் அச்சு முறிந்தது, நான்காவது இடத்தில் மாடே படுத்துவிட்டது. முன்கூடத்து மேஜைமேல் ஒரு பித்தளை மணி, பக்கத்தில் விருந்தாளிகள் கையெழுத்துப் போட ஒரு தடித்த புத்தகம். பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிற துரைமார்களும் ஜமீன்தார்களும் மோட்டார் சூடாறும்வரை தங்குவார்கள் என்பது கணக்கு. கணக்கில் பிசகில்லை. மறு வருஷமே உலகச் சண்டை வந்ததுதான் பிசகு. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. மோட்டார்கள் கொட்டகையில் முடங்கின.

சரி, சந்தைக்குப் போகிற ஜனமாவது எட்டிப் பார்க்கக் கூடாதா? பார்த்தார்கள். ஜன்னல் வழியாக ஒரே ஒரு பார்வை. உடனே குழந்தைகளை இழுத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்கள். ஏனென்று அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் வருஷம் மனைவி ரங்கம்மாள், "பன்னண்டு கட்டில் போட்ட வூட்டுல ரெண்டு பேரா மொகத்த மொகம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆவாது" என்று மாரண்டஹள்ளித் தாய்வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை.

அப்புறம் அவர் மட்டும்தான். தினமும் விடிந்ததும் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். பன்னிரண்டு கட்டிலிலும் யாரும் படுக்காத வெள்ளைத் துப்பட்டியை உருவித் துவைத்து, சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவார். பிறகு முன்கூடத்து மணியைத் தானே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே ஓடி, அங்கிருந்து "கமிங் சார்!" என்று தானே ஓடி வருவார். கால் பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா?

அந்த ரோட்டில் மிச்சமிருந்தது சென்னப்பனின் கரி கேஸ் பஸ் ஒன்றுதான். முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு, ஏற்றத்தில் ஆமை முந்துகிற வேகத்தில் வரும். ஓட்டல் கிணற்றில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தினமும் நிற்கும். தினமும் சென்னப்பன் கேட்பான்: "மொதலாளீ, ஆளு வந்துதுங்களா?"

"நேத்து வந்தாங்க. ஏழு பேரு. நீ இப்பத்தான் வர்ற."

ஆறு வருஷம் இதே கேள்வி, இதே பொய். அதனால்தான், நிஜமாகவே ஆள் வந்தபோது அதைச் சொல்ல மல்லையனிடம் வேறு வார்த்தை மிச்சமில்லை.

நடந்தது இதுதான். ஐப்பசி மழையில், மத்தியானத்தில், பஸ் ஓட்டல் வாசலுக்கு நேரே அணைந்துபோனது. சென்னப்பன் இரண்டு ஜோடி மாடு பிடித்து, பஸ்ஸைக் கட்டியிழுத்துக்கொண்டு தர்மபுரிப் பக்கம் போய்விட்டான். பிரயாணிகள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு காரிமங்கலத்துக்கு நடந்தார்கள். இரண்டு பேரால் மட்டும் நடக்க முடியவில்லை: தலைப்பிரசவத்துக்குக் காவேரிப்பட்டணத்துக்குத் தாய்வீடு போகிற குள்ளம்மாள், அவளைக் கூட்டிப்போக வந்த அம்மா தங்கம்மாள்.

மல்லையன் குடையோடு ஓடினார். ஒன்றாம் நம்பர் அறையைத் திறந்தார். குள்ளம்மாள் வாசற்படியிலேயே நின்று கட்டிலைப் பார்த்து வீறிட்டாள்.

"ஆத்தா! இங்க பொணம் கெடத்தியிருந்திருக்காங்க!"

தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை இழுத்துச் செருகிய வெள்ளைத் துணி. சரியாக நடுவில், பெங்களூர் முறைப்படி, ஒரு சாமந்திப்பூ.

மல்லையன் துணியைப் பார்த்தார். நடைக்கு இரண்டு பக்கமும் திறந்து கிடந்த மற்றப் பதினோரு அறைகளையும் பார்த்தார். ஆறு வருஷமாகத் தன் கையாலேயே வெளுத்து, மடித்து, பூ வைத்து, வருகிற ஜனத்தைத் துரத்திக்கொண்டிருந்தது இந்தத் துப்பட்டிதானா? அவ்வளவையும் உருவிச் சுருட்டி வெளியே வீசினார்.

தங்கம்மாள் மூட்டையிலிருந்து ஒரு சிவப்புப் புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். குள்ளம்மாள் வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதில் சாய்ந்ததும், தங்கம்மாள் மல்லையனிடம் திரும்பினாள்.

"அண்ணா, இங்கியே பெத்துருவா போலக்குதுங்க. வூடு தீட்டாயிருமுங்க. பதினோரு நாளைக்கு ஒரு ஈ காக்கா உங்க ஓட்டலுக்கு வராதுங்களே?"

"ஆறு வருசமா சுத்தமாத்தான் இருக்குதும்மா," என்றார் மல்லையன். "யாரு வந்தாங்க?"

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். தங்கம்மாளே பிரசவம் பார்த்தாள். துரை குளிக்க வாங்கிய தொட்டியில் ஒரு சாண் வெந்நீர் ஊற்றி, குழந்தையின் முதல் குளியல் நடந்தது. இடது காலில் ஆறு விரல்.

தீட்டுக் கழியாமல் பிள்ளை பெற்றவள் படி தாண்டக் கூடாது. ஆகவே பதினோரு நாள். பூண்டுக் குழம்பை வெள்ளித் தட்டில் வைத்து, மேலே கூம்பாக மடித்த துணியால் மூடி, கழுத்துவரை கோட்டுப் பொத்தான் போட்டு மல்லையன் கொண்டுபோனார். "எதுன்னாலும் இந்த மணியைத் தட்டுங்க" என்று பித்தளை மணியைக் கட்டிலருகே வைத்தார். முதல் தரம் அந்த மணி வேறொருவர் கையால் ஒலித்தபோது, அடுப்படியில் இருந்த அவருக்குக் கால் ஓடவில்லை. கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டுதான், "கமிங் சார்!" என்றார். அறைக்குள் இரண்டு பெண்களும் சிரித்தது, நடையில் அவருக்குக் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் அவர்களைக் கூட்டிப்போக மாட்டுவண்டி வந்தது. குழந்தையின் காலில் மையைத் தடவிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதித்துக்கொண்டார். வண்டி திருப்பத்தில் மறைந்தது. உள்ளே வந்து மணியை மேஜைமேல் பழைய இடத்தில் வைத்தார். அன்றைக்கு அதைத் தட்டவில்லை. அடுத்த நாளும் தட்டவில்லை.

பழுது பார்த்த பஸ் இருபது நாள் கழித்து வந்தது. இப்போது, கிணற்றடியில் சிரித்து முடித்த சென்னப்பன், மல்லையன் நீட்டிய புத்தகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

"மொதலாளீ, கோகுலாஷ்டமிக்கு எங்க வூட்டுலயும் கையை மடக்கி இப்படித்தான் பாதம் வெப்பாங்க. வெச்சதுதான் வெச்சீங்க, வெரலையாச்சும் அஞ்சா வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

"அதுக்கு ஆறுதான்டா!"

"அந்தப் பொண்ணு அன்னிக்கே காவேரிப்பட்டணம் போய்ச் சேந்திருக்குமுங்க. தொணைக்கு ஆளில்லாம உங்களுக்கு மனசு என்னமோ பண்ணுதுங்க. ரங்கம்மாக்காளப் போயிக் கூட்டிட்டு வாங்க."

கேலியாகச் சொல்லியிருந்தால் மல்லையன் தாங்கியிருப்பார். பரிதாபமாகச் சொன்னான். அன்றிலிருந்து கிணற்றடியில் சென்னப்பன், "ஆளு வந்துதுங்களா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டான். மல்லையனும் ஏழு பேர் வந்ததாகச் சொல்வதை நிறுத்தினார். நடந்ததா, நாமே கட்டியதா என்று அவருக்கே குழம்பத் தொடங்கியது. அவர் கட்டிய கதைகளெல்லாம் எவ்வளவு தெளிவாக இருந்தன! இது ஒன்றுதான் மங்கிக்கொண்டே வந்தது. புத்தகத்தின் பக்கத்தில் தன் கையை மடக்கி வைத்துப் பார்த்தார். ஏறக்குறையப் பொருந்தவும் செய்தது.

மாசி மாதம், ஒரு காலை. அடுப்படியில் இருந்தார். மணி ஒலித்தது.

தன் காதுதான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். அடுப்பை ஊதினார். மறுபடி ஒலித்தது, இந்தத் தடவை விடாமல், முரட்டுத்தனமாக. கோட்டுப் பொத்தானைத் தடவிப் போட்டுக்கொண்டே வந்தார்.

முன்கூடத்தில் சென்னப்பன் நின்றான். இடுப்பில் ஒரு குழந்தை. அவன் பின்னால், புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற குள்ளம்மாள், கையில் ஒரு பனங்கூடையோடு. வெளியே பஸ்ஸில் ஜனம், "யோவ் டிரைவரு!" என்று கத்திக்கொண்டிருந்தது.

சென்னப்பன் யாரையும் கவனிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தின் மேல் குழந்தையின் இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கால் இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. அவன் உதடு அசைந்தது. ஒரு தரம் எண்ணினான். நம்பாமல் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து திரும்ப எண்ணினான்.

பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆறுதானுங்க மொதலாளீ," என்றான். "நடந்துதுங்க."