நடு ஏரியில் நின்ற வண்டி

கிணத்துக்கடவு ஸ்டேஷனில் திங்கட்கிழமை காலை ரயில் வந்து நின்றால், இறங்கும் கூட்டத்தில் அழகிரிசாமி தேடுவது ஒரே ஒரு குடையை. கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் கயிறு சுற்றிய கறுப்புக் குடை. அது கண்ணில் பட்டுவிட்டால் வேறு சவாரி எது கூப்பிட்டாலும் அவனுக்குக் காது கேட்காது.

குடைக்குச் சொந்தக்காரி கனகம் டீச்சர். சொக்கனூர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. கோயமுத்தூரில் அண்ணன் வீடு. திங்கள் வந்து வெள்ளி திரும்புவாள். பதினாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, அதன் பிறகு படித்து வேலைக்கு வந்தவள். ஸ்டேஷனிலிருந்து சொக்கனூர் ஐந்து மைல். அந்த ஐந்து மைலும் அழகிரிசாமியின் ஜட்காவில்தான்.

ஜட்காவில் ஒரு சௌகரியம் உண்டு. ஓட்டுகிறவன் குதிரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சவாரி பின்பக்கம் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். முகத்துக்கு முகம் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசினால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வண்டிக்குள் முதுகோடு முதுகாகப் பேசினால் குதிரைக்கு மட்டும்தான் கேட்கும்.

அப்படித்தான் அந்தக் கதை வந்தது. டீச்சர் மடியில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். ஐப்பசியில் ஒருநாள், "என்னங்க டீச்சரம்மா, அதுல அப்படி என்னதான் இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். எங்கோ ஒரு பனி நாடு. தபால்காரர் ஒருவர் அக்கரையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கடுதாசி கொண்டுபோகிறார். குறுக்கே ஏரி. அது உறைந்து கிடக்கிறது. அதன் மேலேயே குதிரை வண்டி ஓட்டுகிறார்.

"ஏரி மேலயே வண்டிங்களா?"

"ஆமாங்க. தண்ணி பாறையாட்டம் இறுகிப் போயிருக்குமுங்க."

"நம்மூரு குளத்துல தண்ணியே நிக்க மாட்டேங்குதுங்க. இதுல இறுகறதுக்கு எங்க போறது!"

அவள் சிரித்தாள். சிரிப்பு அவன் முதுகில் வந்து பட்டது. அந்தக் கதைக் குதிரையின் கழுத்தில் மணிகள் உண்டு என்று அவள் சொன்ன வாரமே, பொள்ளாச்சிச் சந்தையில் சதங்கைப் பட்டை ஒன்று வாங்கி வந்து தன் குதிரைக்குக் கட்டினான். அடுத்த திங்கள் சதங்கை ஒலித்தபோது டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

குதிரையின் பெயர் பங்காரு. செம்பட்டை நிறம், வெயிலில் பொன்னாக மின்னும். அவன் வீட்டுத் தெலுங்கில் பங்காரு என்றால் தங்கம். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் மூன்று நாள் தங்கி வாங்கிய பெட்டைக் குதிரை. நெற்றியில் சுழி, மார்பில் சுழி, காதுக்குக் கீழே சுழி என்று உடம்பெல்லாம் தடவித் தடவிப் பார்த்தான். கெட்ட சுழி ஒன்றுகூட இல்லை.

மாசி மாதம் பங்காரு பெருத்தது. வயிறு இருபுறமும் தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் வாசலில் அவன் கூட்டாளியான ஜட்காக்காரன் சீனிவாசலு கேலி செய்தான்.

"ஏன்டா, இது குதிரையா, நெல்லுப் பத்தாயமா? கொள்ளைக் கொட்டிக் கொட்டிக் கெடுத்துப்போட்டயேடா!"

அழகிரிசாமி கொள்ளைப் பாதியாகக் குறைத்தான். வயிறு குறையவில்லை. வயிற்று வாரை ஒரு துளை இறுக்கிக் கட்டினான். பங்காரு திரும்பி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தது.

லாடம் மாற்றும் நாள் வந்தது. லாடம் அடிக்கும் அப்துல் வஹீது பாய் பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவர், சட்டென்று கீழே விட்டார். எழுந்து வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றார்.

"ஏம்ப்பா, இதை எப்போ சேத்த?"

"எதைங்க பாய்?"

"கெடாக் குதிரை கூட."

"நான் எங்கீங்க சேத்தேன்! இந்த ஊருல கெடாக் குதிரையே இல்லீங்களே."

"அப்போ அந்தியூர்ல நீ வாங்கறப்பவே செனை. ஒன்பது மாசம் ஆச்சு. இங்க கை வெய்யி."

வைத்தான். உள்ளே இருந்து ஒரு குளம்பு அவன் உள்ளங்கையை உதைத்தது.

"சுழி பாத்தயே, மவராசா! நெத்தியைப் பாத்தவன் வவுத்தைப் பாக்கக் கூடாதா?" பாய் சிரித்தார். பிறகு இறுகிய வாரின் தடத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "இனி வண்டியில பூட்டாத. பூட்டினா தாயும் போவும், குட்டியும் போவும். சித்திரை கடைசில ஈனும். அது வரைக்கும் கொள்ளு குடு, தண்ணி காட்டு, சும்மா நடத்திக் கூட்டிட்டுப் போ."

அன்று அவன் பங்காருவுக்கு முன்னால் இரண்டு பங்கு கொள்ளை வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை எதிரே நின்றான். மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கறுப்புக் குடை சீனிவாசலுவின் வண்டியில் ஏறியது. ஏறும் முன் அது ஒரு நொடி நின்று, புளியமரத்தடியில் வண்டி இல்லாமல் நின்ற அழகிரிசாமியின் பக்கம் திரும்பியது. குதிரை சினை என்று சீனிவாசலு சொல்லியிருப்பான். போய் நின்று கதை கேட்க முடியுமா? கதை நின்ற இடம்தான் அவனை வதைத்தது. தபால்காரர் நடு ஏரிக்கு வந்துவிட்டார். வெயில் ஏறுகிறது. காலடியில் பனி விரிசல் விடும் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில்தான் சொக்கனூர் வந்து டீச்சர் இறங்கிவிட்டிருந்தாள். மலையிலிருந்து வரும் பைக்காரா கரண்டுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த ரோட்டின் வழியே பங்காருவை மெல்ல நடத்திப் போகும்போதெல்லாம், அழகிரிசாமியின் மனசு அந்த நடு ஏரியில் நின்றது. வாரத்துக்கு இரண்டு முறை குடை போவதையும் வருவதையும் தூரத்தில் இருந்து பார்த்தான்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சீனிவாசலு வந்தான்.

"டீச்சரம்மாவுக்கு மேட்டுப்பாளையத்துக்கு மாத்தல் ஆயிருச்சாம்டா. நாளைக்கு மூட்டை முடிச்சோட கெளம்பறாங்க. உன்ற வண்டி வருமான்னு கேட்டாங்க."

"வாரேன்னு சொல்லு."

"குதிரைக்கு..."

"ஒரே ஒரு சவாரிதானேடா. நடந்தே ஓட்டறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியைத் துடைத்து, புது வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தான். பங்காருவை வெளியே கொண்டுவந்தான். அது மறுக்கவில்லை, எப்போதும் மறுத்ததில்லை. வாரை வயிற்றின் கீழே விடக் குனிந்தவன் மடியைப் பார்த்தான். காம்பு இரண்டின் நுனியிலும் மெழுகு உருகி உறைந்தாற்போலப் பால். கழுத்து வேர்த்திருந்தது.

பார்க்காததுபோல வாரை எடுத்து மாட்டினான். பத்து மைல். அதில் பாதி டீச்சரோடு; இனி ஆயுசுக்கும் கிடைக்காத ஐந்து மைல். கொக்கியைத் துளையில் செலுத்த விரல் போனபோது, வாருக்கு அடியில், பழைய தடம் இருந்த அதே இடத்தில், உள்ளே இருந்து ஒரு உதை.

கொஞ்ச நேரம் நெற்றியைப் பங்காருவின் விலாவில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வாரை உருவினான். கழுத்துச் சதங்கையையும் கழற்றி எடுத்துக்கொண்டு சீனிவாசலுவின் வீட்டுக்கு ஓடினான்.

"நீயே போடா. இதை உன்ற குதிரைக்குக் கட்டிக்க."

"என்ற கெழட்டுக் குதிரைக்குச் சலங்கையா? கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறேன்?"

"கட்டுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மூன்று மணிக்குப் பங்காரு படுத்தது. பாயைக் கூப்பிடக்கூட நேரம் தரவில்லை. குட்டி ஈர வைக்கோலில் வழுக்கி வந்து விழுந்தது; நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நாலரை மணிக்கு அது நாலு குச்சிக் கால்களையும் நாலு திசையில் ஊன்றி எழுந்திருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, சொக்கனூர் ரோட்டில் சதங்கை கேட்டது. வர வரப் பெரிதானது. தன் கொட்டகையைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தான். வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது.

கனகம் டீச்சர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கி வந்தாள். இத்தனை மாதப் பேச்சில் முதல் தடவையாக இருவரும் முகம் பார்த்து நின்றார்கள். இருவரும் குட்டியைப் பார்த்தார்கள். அது எழுந்தது, ஆடியது, நின்றது.

"நின்னுருச்சுங்க," என்றாள் மெல்ல.

அவன் கேட்டான். "டீச்சரம்மா, அந்தத் தபால்காரரு கரை சேந்தாருங்களா?"

அவள் தலை குனிந்து கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு பக்கம் மடக்கியிருந்தது.

"தெரியாதுங்க. அதுக்கப்புறம் நான் படிக்கலீங்க. வண்டியில சொல்றதுக்குன்னு அன்னன்னைக்குக் கொஞ்சமாத்தான் படிப்பேன். வண்டி நின்னதோட நானும் நிறுத்திப்போட்டேன்."

"அப்போ அவரு இன்னும் நடு ஏரியிலதான் நிக்கறாருங்களா?"

"நிக்கறாருங்க. நான் மட்டும் தனியாப் படிச்சு அவரைக் கரை ஏத்த மனசு வரலீங்க."

"அம்மணி, ரயிலு நமக்கோசரம் நிக்காதுங்க!" சீனிவாசலு ரோட்டிலிருந்து கத்தினான்.

அவள் பங்காருவின் வேர்த்த கழுத்தில் ஒருமுறை கை வைத்தாள். போய் ஏறி, வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அதனால் வளைவு வரும்வரை அவள் முகம் அவனுக்குத் தெரிந்தது. வளைவுக்குப் பிறகும் சதங்கை கொஞ்ச தூரம் கேட்டது.

மறுநாள் காலை பாய் குட்டியைப் பார்க்க வந்தார். கால்களைத் தடவிப் பார்த்து, "நல்ல எலும்பு," என்றார்.

"பாய், குட்டி தாய்கூட எத்தனை மாசத்துல தூரமா நடக்குமுங்க?"

"எவ்வளவு தூரம்?"

"ஒரு... நாப்பது மைல்."

"நாப்பது மைல்ல என்னப்பா இருக்குது? மேட்டுப்பாளையம்தான் இருக்குது." பாய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டார். "ஆறு மாசம் போவட்டும்."

அழகிரிசாமி விரல் விட்டு எண்ணினான். ஐப்பசி. அதற்குள் ஏரி மறுபடியும் உறைந்திருக்குமா என்று டீச்சரிடம்தான் கேட்க வேண்டும்.