ஈசாக் ஏலத்துக்கு வந்த ஞாயிறு

இதில் எழுதியிருக்கிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணலாம் என்றால், சத்தியம் பண்ணாதே என்று அந்த வேதத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எங்கள் சபையின் மணிக்கூண்டின் மேல் சத்தியம். நான் சொன்னதில் ஒரு பொய் இருந்தால் அது இடிந்து விழட்டும். பாறசாலையிலிருந்து செங்கல் ஊருக்குப் போகிற வழியில் ராபின்சன் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வந்து கூண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஈசாக் ஒரு சேவல். அதற்கு அந்தப் பெயர் வந்தது என் காலால்.

ஒரு ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் பலாவில் ஏறினேன். காய் இறங்கும் முன்னே நான் இறங்கிவிட்டேன். இடது கால் ரெண்டு துண்டு. என் மனைவி ஞானபாய் கட்டிலருகே நின்று, "ஆண்டவரே, இவருக்க காலு நேரே ஆனா, இனி பொரிக்கிற முதல் சேவலை அறுப்பின் பண்டிகைக்குத் தாறேன்" என்று ஜெபித்தாள். அடுத்த வாரமே நான் பூவார் வரை நடந்துபோய் மீன் வாங்கி வந்தேன். அதே வாரம் முட்டை பொரிந்தது. வேதத்தில் பலிக்கென்று குறிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையே, ஈசாக் என்று வைத்தாள்.

அறுப்பின் பண்டிகை என்றால், தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, முட்டை, கோழி, எதுவானாலும் சரி. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். கொண்டுவந்தவனே தன் குலையை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதும் உண்டு. அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆண்டவருக்குக் காசு, நமக்குக் குலை.

சேவலுக்குக் கொண்டை முளைத்த நாட்களில்தான் ஞானபாயின் காது மங்கத் தொடங்கியது. முதலில் குயில் போயிற்று, பிறகு கோயில் மணி, கடைசியில் நான். கடைசிவரை நின்றது என் குரல்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. டாக்டர் காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார். "கடுகு தாளிக்கிற சத்தமாக்கும் இதில கேக்குது" என்று கழற்றி, கடுகு டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டாள்.

காது போனதைத் தாங்கிக்கொண்டாள். வாயும் போனதுதான் கஷ்டம். பாடகர் குழுவில் எல்லாருக்கும் முன்னே எழும்புகிற குரல் அவளுடையது. ஒரு துக்க வீட்டில், ஜெபத்துக்கு நடுவில், மெல்லக் கேட்பதாக நினைத்து, "சாயா எப்ப தருவாங்க" என்று என்னிடம் கேட்டாள். பெட்டிக்குள் கிடந்தவரைத் தவிர எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு நாலு பேர் கூடுகிற இடத்தில் அவள் வாய் திறக்கவில்லை. கோயிலில் உதடு மட்டும் அசையும்.

இதை ஈசாக் கவனித்தது. விடியுமுன் கூவிக் கூவித் தொண்டை கட்டியும் தவிடு வைக்கிறவள் எழும்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே வந்து, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. அன்றோடு கூவுவதை விட்டது. குக்கர் விசிலடித்தால் அவள் முன்னே போய் நின்று கழுத்தை நீட்டும். வாசலில் ஆள் வந்து தமிழில் விளித்தால் இடது காலில் கொத்தும். மலையாளம் என்றால் வலது கால். ரெண்டையும் கலந்து பேசுகிறவர் வந்தால் மாறி மாறிக் கொத்தும். எங்கள் ஊரில் அநேகம் பேர் அப்படித்தான் என்பதால் வீட்டுக்குள்ளேயே அவள் செருப்புப் போட வேண்டியதாயிற்று. நான் கூப்பிட்டால் மட்டும் கொத்தாது. தலைப்பைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்த வீட்டு ஜிஷா பள்ளிக்கூடத்தில் பயாலஜி எடுக்கிறவள். "மாமா, இது அடாப்டேஷன் ஆக்கும். சூழலுக்குத் தக்கபடி உயிர் மாறுதது. ஆனா அதுக்கு ஆயிரமாயிரம் வருஷம் வேணுமே" என்றாள்.

"சேவலுக்கு அவ்வளவு ஆயுசு இல்லையே மக்கா. அதனால சீக்கிரம் முடிச்சிட்டு" என்றேன்.

பூவாரில் படகுச் சவாரிக்கு வந்த அபிஜித் என்கிற சினிமாக்காரப் பையன் செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தான். மலையாளத்தில் விளித்தான், ஞானபாய் வலது காலைத் தடவிக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"அங்கிளே, இதை ஷார்ட் பிலிம் எடுக்கணும். ஒரு அடாப்டேஷன். கதை இதுதான், திரைக்குத் தக்கபடி கொஞ்சம் மாத்தணும்."

"எவ்வளவு?"

"கொஞ்சமே கொஞ்சம். சேவலை மட்டும் எனக்குத் தரணும். கொச்சிக்குக் கொண்டுபோறேன்."

நான் கைஜாடையில் சொன்னதும் ஞானபாய் தலையை ஆட்டினாள். "அது எனக்க சேவல் இல்ல. பண்டிகைக்கு நேர்ந்தது."

"அப்போ ஏலத்துக்கு வாறேன்" என்று எழுந்து போனான்.

"வேற ஒரு சேவலைக் குடுத்தா போராதா?" என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நேர்ந்தது உங்க காலுக்கு. வேற சேவலைக் குடுத்தா, நீங்க அந்தக் காலை வேற ஆளுக்குக் குடுத்திருவியளா?" என்றாள். சொல்லிவிட்டு ஈசாக்குக்குத் தவிடு பிசைந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பிசைந்தாள்.

நான் ஒரு முடிவு எடுத்தேன், அவளிடம் சொல்லவில்லை. அவளும் ஒரு முடிவு எடுத்தாள், என்னிடம் சொல்லவில்லை.

பண்டிகை ஞாயிறு. ஏலம் போட்டது சபையில் மணியடிக்கிற கோயில்பிள்ளை செல்லசாமி, என் வயதுக்காரன். ஞானபாய் முன்னால் நின்றாள். ஏலத்தில் எடுத்துத் திடீரென்று அவள் கையில் கொடுக்கலாம் என்று நான் மாமரத்துக்குப் பின்னால் நின்றேன். ஈசாக் செல்லசாமியின் கையிலிருந்து நழுவி இறங்கி, நேரே அவள் காலடியில் போய் நின்றது.

அபிஜித் மலையாளத்தில் விலை கேட்டான். ஈசாக் அவள் வலது காலில் கொத்தியது. நான் மரத்துக்குப் பின்னிருந்து தமிழில் கேட்டேன், அவளைக் கூப்பிடாததால் இடது காலில் கொத்தியது. ரெண்டு பேர் போட்டி போடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கையை உயர்த்தி, "எனக்கு" என்றாள்.

மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தாள். மணிக்கூண்டில் மணி தானாக ஒருமுறை அசைந்தது.

எத்தனை காலத்துக்குப் பிறகு நாலு பேர் நடுவில் அந்தக் குரல்! நான் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டேன். இடது காலில் கொத்து. "எனக்காக்கும்" என்றாள், முன்னைவிட உரக்க. அபிஜித் ரெண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கினான். மிச்சம் நாங்கள் ரெண்டு பேர்.

செல்லசாமி மரத்தடிக்கு வந்து, "எலே ராபின்சா, சொந்தப் பெஞ்சாதிக்கு எதிராயா கேக்குத?" என்றான்.

"ஏலத்தில ஏது பெஞ்சாதி? நீ விளி."

மறுபடி ஏற்றினேன். "எந்தப் பிசினாறியாக்கும் எனக்க சேவலுக்கு விலை ஏத்துதது?" என்று அவள் கேட்டாள். முற்றமே சிரித்தது. சிரிக்கிற முகங்களைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொள்வாள் என்று பயந்தேன். பொத்தவில்லை. அவளும் சிரித்தாள்.

கோயிலுக்குப் புதுக் கூரை வருகிற வரைக்கும் ஏற்றியிருப்பேன். அப்போது அவள் விரல்கள் கைக்குட்டையில் காசு முடிந்திருந்த முடிச்சைத் தடவிப் பார்த்துத் தயங்கின. நிறுத்திவிட்டேன். "மூணு தரம்" என்றான் செல்லசாமி. ஈசாக் அவள் கைக்கே திரும்பி வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஒரு நாசமாப் போனவன் கடைசிவரை விடல்ல, கேட்டியளா" என்றாள்.

ஆளைப் பார்த்தாயா என்று ஜாடையில் கேட்டேன்.

"மாமரத்துக்குப் பொறத்தே நின்னான். செருப்பு மட்டும் தெரிஞ்சுது" என்றாள். பிறகு என் செருப்பைப் பார்த்தாள். கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முணுமுணுப்பு என்று அவள் நினைத்தது நெய்யாற்றின்கரை வரை கேட்டிருக்கும்.

படம் அடுத்த வருஷம் வந்தது. சபை ஹாலில் திரை கட்டிக் காட்டினார்கள். சேவல் கிடைக்காததால் சேவல் நாயாகியிருந்தது. எங்கள் ஊர் மலையாகியிருந்தது. ஞானபாய்க்கு இருபது வயது. ஏலத்துக்குப் பதில் ஆற்றில் வெள்ளம். என்னைக் காணவே இல்லை.

"புருஷனை என்ன செய்தே?" என்று அபிஜித்திடம் கேட்டேன்.

"அந்த ஆளை யாரும் நம்பமாட்டாங்க, அங்கிளே. பெஞ்சாதி குரலைக் கேக்கணும்னு விலை ஏத்துற புருஷன் எங்கே உண்டு? அதான் எடுத்துட்டேன்."

விளக்குப் போட்டதும் ஞானபாய் என் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்க?"

கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல விரலைக் காட்டினேன்.

"அப்போ அந்தப் புள்ளைக்கு யாரு உண்டு?"

நாய் உண்டு என்று காட்டினேன்.

"பாவம்" என்றாள், ஹால் முழுக்கக் கேட்க. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஈசாக் அவள் தலைப்பைப் பிடித்து என் பக்கம் இழுத்தது. நான் கூப்பிடவே இல்லை. அவள் நகர்ந்து வந்து என் தோளோடு சேர்ந்து உட்கார்ந்தாள்.

இனி கூண்டைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.