கிளிப் போடாத குழாய்

அக்கா வீட்டில் சமையலறைக் குழாயை மூடினால் சீலிங்குக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதாம். போனில் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தபோது வாய் தவறிச் சொன்னாள். உடனே, “நீ ஒண்ணும் கண்டுக்காத, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சு” என்றாள். எனக்கு மானமே போனது. அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் மொத்தமும் போட்டது நானும் அவரும்தான். நாங்கள் போட்ட குழாய் சத்தம் போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

வளைகிற பிளாஸ்டிக் குழாயின் குணம் எனக்கு அத்துப்படி. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் தொய்ந்துவிடும். ரெண்டு முழத்துக்கு ஒரு கிளிப், வளைவு வந்தால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதையும் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கக் கூடாது. சுடுதண்ணீர் ஓடினால் குழாய் நீளும், அது நகர இடம் விட வேண்டும். வெட்டி இணைப்பது அவர் வேலை, கிளிப் அடிப்பது என் வேலை. அவர் ஏறும்போது ஏணியைப் பிடிப்பதும் என் வேலைதான். ஆள்தான் ஆறடி, மூன்றாவது படிக்குப் போனாலே கால் உதறும். நான் கீழ்ப்படியை இடது காலால் மிதித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் ஏணியைப் பிடித்தால்தான் மேலே போவார்.

அக்கா வீட்டு வேலைக்கு நாங்கள் கூலி கேட்கவில்லை. மாடிப் பின்னறை உங்களுக்குத்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் வாடகை வீட்டை மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நானும் பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். மாடியறைச் சமையல் மேடைக்குக் குழாயைக் கொஞ்சம் தாழ்வாகவே வைத்திருந்தேன், என் உயரத்துக்கு. அறை மட்டும் பூட்டியே கிடந்தது. பெயிண்ட் காயவில்லை என்றார்கள். எந்த ஊர்ப் பெயிண்ட் ரெண்டு மாசம் காயும் என்று கேட்கத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவள் சொன்னால் கேள்வியா கேட்பார்கள்?

அவர் வேறொரு வீட்டு வேலைக்குப் போயிருந்த நேரம், கிளிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மாறியது.

“அவரு வரட்டுமே. நீ எதுக்கு ஏறிக்கிட்டு?”

“கிளிப் அடிக்க அவரு எதுக்கு? நீ குழாயத் திறந்து மூடு, நான் பாக்கறேன்.”

ஏணியில் ஏறி, சீலிங் மூடியை நகர்த்தி, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். என் கிளிப்புகள் வைத்தது வைத்தபடி வரிசையாக இருந்தன. கீழே அக்கா வேண்டாவெறுப்பாகக் குழாயைத் திறந்து மூடினாள். மூலையில் நீலக் குழாய் ஒன்று துள்ளி, மரக்கட்டையில் இடித்தது. டொக்.

அது மாடியறைக்குப் போகிற குழாய். பாதியில் வெட்டி, முனையை அடைத்திருந்தார்கள். வெட்டக் கழற்றிய என் கிளிப் ரெண்டும் பக்கத்திலேயே கிடந்தன. முனை அறுந்த துணிக்கொடி மாதிரித் தொங்கியது. வெட்டின இடத்தில் கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு டிக். எங்கே வெட்டினாலும் அவர் அப்படித்தான் போடுவார். பள்ளிக்கூடத்தில் வாங்காத டிக்கையெல்லாம் குழாயில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நான் கிண்டல் பண்ணாத நாளில்லை.

இறங்கி வந்தபோது அவர் வாசலில் மூச்சு வாங்க நின்றார். அக்கா போன் பண்ணியிருப்பாள்.

“அந்த ரூம் யாருக்கு?” என்றேன்.

அக்கா சுவரைப் பார்த்துப் பேசினாள். “உன் அத்தானுக்கு ஆபீஸ் ரூம் வேணுமாம். மேடையக்கூட இடிச்சாச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...”

“உங்களுக்கு என்ன வந்துச்சு, எங்கிட்ட மறைக்க?” என்று அவரைக் கேட்டேன்.

“அத்தான் அடுத்து கட்டப்போற வீட்டு வேலையெல்லாம் நமக்குத்தான்னாரு. நீ சண்டை போட்டா அதுவும் போயிரும். வேற வீடு பாத்துட்டு மெதுவா சொல்லலாம்னு இருந்தேன்.”

நேற்றுகூட, அந்த அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று அவரிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் போடு, காத்து வரும் என்றார். குழாயை வெட்டிவிட்டு வந்து, கட்டிலுக்கு இடம் சொல்லியிருக்கிறார். கூட இருந்தே குழி பறித்திருக்கிறார்கள்.

ரெண்டு கிளிப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். “வெட்டத் தெரிஞ்சவருக்கு கிளிப் அடிக்கவும் தெரியும். ஏறுங்க.”

அவர் முதல் படியில் காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “புடிச்சுக்கோயேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடிக்க ஆளில்லாமல் இந்த மனுஷன் ஏணி ஏற மாட்டாரே.

“வெட்டின அன்னைக்கு யாரு புடிச்சா?”

அவர் தயங்கித் தயங்கி ஏறினார். மூன்றாவது படியில் ஏணி ஆடியது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அக்கா என் பக்கம் பார்க்காமல் வந்தாள். ரெண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கீழ்ப்படியை மிதித்துக்கொண்டாள், இடது காலால். அதை அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.