ஆற்றுப்படியில் முப்பத்தோராம் நாள்

மூவார் ஆற்றங்கரையில் பாக்காவ் என்னும் அலையாத்திக் கன்றுகளை எண்ணும்போது நிர்மலாதேவி யாரோடும் பேசமாட்டாள். ஸ்கூடாயிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வருவதே அந்த மௌனத்துக்காகத்தான் என்று கட்டடக்கலை அலுவலகத்தில் கேலி செய்வார்கள். நீர் வற்றும் வேளையில் முழங்கால் வரை ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு, சேற்றில் வரிசை வரிசையாக நடந்து, உயிரோடிருக்கும் கன்றுகள் எத்தனை, பட்டுப்போனவை எத்தனை என்று படிவத்தில் குறிக்க வேண்டும். பட்டதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. நண்டு, பாசி, குப்பை, மிதந்து வரும் கட்டை. பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அப்பா இறந்த பத்தாம் நாள் அவள் எண்ணப் போனபோது, ஆறாவது வரிசையில் பதினான்கு கன்றுகள் சாய்ந்து கிடந்தன. ஒடிந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் விலக்கி அழுத்தப்பட்டிருந்தன. நடுவில் சேறு மெழுகிவிட்டதுபோல வழவழவென்று இருந்தது, ஒரு முழத்துக்கும் கூடுதலான அகலத்தில். அந்தத் தடம் தண்ணீரிலிருந்து ஏறி, வெயில் விழும் மேட்டில் சற்று நேரம் கிடந்து, வேறு வழியாகத் தண்ணீருக்கே திரும்பியிருந்தது. அதன் நடுவே கோல் ஒன்றை இழுத்துப் போனதுபோல ஒரு கோடு. ஓரங்களில், ஒன்று மாற்றி ஒன்றாக, விரல் விரித்த சுவடுகள்.

கட்டுமான மேற்பார்வையாளர் சுகுமாறன் மேலே நடைபாதையிலிருந்து குரல் கொடுத்தான். “என்ன மேடம், ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறீங்க? காலு மாட்டிக்கிச்சா?”

கேட்டுக்கொண்டே இறங்கி வந்தான். பார்த்தான். அவன் மூவாரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஓய்வு நாளில் இதே ஆற்றில் தூண்டில் போடுகிறவன். குனிந்து, சுவடு ஒன்றின் மேல் தன் கையை விரித்து வைத்து அளந்தான்.

“கட்டை லா மேடம்,” என்றான் நிமிர்ந்து. “மேல மரமில்லுல இருந்து அடிச்சுக்கிட்டு வரும்.”

“கட்டை ஏறி வந்துட்டு, திரும்பி எறங்கிப் போகுமா சுகுமாறன்?”

“நீங்க எழுதினா போகும்.” அவன் சிரிக்கவில்லை. “திறப்பு விழாவுக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு. வேற ஏதாச்சும் எழுதினீங்கன்னா நாளைக்கே வேலி போட்டுருவாங்க. அப்புறம் பழையபடி மதிலு வேணும்னு கெளம்புவாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அவளுக்குத் தெரியும். அந்த மதிலோடு ஆறு வருடம் போராடியவள் அவள்தான். பழைய சரக்குக் கிட்டங்கிகளும் கடைவரிசையும் ஆற்றைப் பார்த்து நிற்கும் அந்தத் தெருவில், வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் மதிலைத் தாண்டி ஆண்டுதோறும் கடலின் ஏற்றநீர் வந்துகொண்டிருந்தது. கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மதிலை இரண்டு மடங்கு உயர்த்துவோம் என்றார்கள். உயர்த்தினால் தெருவுக்கு ஆறே இல்லாமல் போகும், தண்ணீர் பின்பக்கச் சாக்கடை வழியாக வந்தே தீரும் என்று அவள் வாதாடினாள். முந்நூறு மீட்டருக்கு மதிலை உடைத்தெடுத்தாள். அந்த இடத்தில் மெதுவாக இறங்கும் சரிவு. அலையின் வேகத்தைக் குறைக்க பாக்காவ். கிட்டங்கிகளின் கீழ்த்தளம் நீர் வந்து போகத் திறந்தவெளி. நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் ஒன்பது அகலப் படிகள். “தண்ணியை வெளியே நிறுத்தாதீங்க, உள்ளே வந்து உட்கார எடம் கொடுங்க,” என்று அவள் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள்.

முதல் வரைபடத்தில் சரிவின் அடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல்வரிசை இருந்தது. மலாய் மீனவர் ஒருவர் பொதுமக்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டதால் வரைந்தது. மேலாற்றில் அது இருக்கிறது என்று மட்டும் சொன்னார், பேரைச் சொல்லவில்லை. பிறகு அந்தக் கல்வரிசை கரையையும் நீரையும் மறுபடி வெட்டிப் பிரிப்பதாக அவளுக்குப் பட்டது. ஒரே ஒரு கோடு. அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

காரணக் கட்டத்தில், ‘கட்டை’ என்று எழுதினாள்.

அன்று மாலையே தம்பி சிறீகாந்தன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தான்.

“அக்கா, அந்தியேட்டிக்கு எடம் முடிவு பண்ணிட்டேன்.”

அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழி. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் நீர்க்கரையில் அந்தியேட்டி செய்வது வழக்கம். பிண்டத்தை வாழையிலையோடு தண்ணீரில் விட்டு, மகன் மூன்று முறை முழுக வேண்டும். மூவாரில் பல வருடமாக மீன் படகுத்துறையில்தான் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே இறங்க வழியில்லாததால் பிண்டத்தை வாளியில் வைத்துக் கயிறு கட்டி இறக்குவார்கள். முழுகுவதற்குப் பதிலாக ஒரு செம்பு தண்ணீர்.

“பக்கெட்டுல கட்டி எறக்குறதெல்லாம் அப்பாவுக்கு வேணாங்க்கா. உன் படியிலயே செஞ்சிரலாம்.”

“இன்னும் தெறக்கலடா.”

“சுகுமாறன்கிட்ட பேசிட்டேன். முப்பத்தோராம் நாள் ஞாயித்துக்கிழமைதான், கேட்டைத் தெறந்து விடுறேன்னாரு. யோசிச்சுப் பாரு, உன் படிக்கு அப்பாதான் மொத கஸ்டமர்.” அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அவனுக்கு இது வெறும் சடங்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிக்கொண்டு மலேசியக் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்தான். முப்பது வருடம் அரசாங்க நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, அம்பிகைபாகன், அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மகனிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவன் கொண்டுவந்த கைக்கடிகாரம், சட்டை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் பிரிக்கப்படாமல் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. கடைசி நாளில்கூட அவன் நீட்டிய கஞ்சிக் கரண்டிக்கு அவர் வாய் திறக்கவில்லை.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“சரிதானே?”

ரப்பர் காலணியில் காய்ந்திருந்த ஆற்றுச் சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

“சரி,” என்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். புதிய தடம் இல்லை. சாய்ந்த கன்றுகளில் சில நிமிர்ந்துகூட இருந்தன. வெறும் கட்டைதானோ என்று அவளே நம்பத் தொடங்கிய நேரத்தில், சரிவில் எப்போதும் படுத்துக் கிடக்கும் மூன்று தெருநாய்களைக் காணவில்லை என்பது கண்ணில் பட்டது. “நாய் புடிக்கிறவங்க வந்திருப்பாங்க,” என்றான் சுகுமாறன், கேட்காமலே. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நேரத்தையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று அப்பாவின் தங்கை இராசம்மா மாமியிடம் போனாள்.

“தண்ணி வத்தின பிறகு வெச்சுக்கலாமே மாமி.”

“சேத்திலயா பிள்ளை பிண்டம் கரைக்கிறது?”

“அப்போ வீட்டிலேயே, பெரிய குடத்துல…”

“உன்ர அப்பா என்ன மீனே, குடத்துக்குள்ள விட?” என்றார் மாமி. அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு நிறைந்து நின்றது. அமாவாசைக்கு மறுநாள், பெரிய ஏற்றம். ஒன்பது படிகளில் ஆறு தண்ணீருக்குள் இருந்தன. அவள் கணக்குப் போட்டு வைத்த அதே மட்டம், ஒரு விரல்கூடப் பிசகாமல். காற்று இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர், ஊற்றி வைத்த தேநீர்போல, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

குருக்கள் மேல்படியில் உட்கார்ந்து காரியத்தை நடத்தினார். சுகுமாறன் நீளமான மூங்கில் கழியோடு ஓரத்தில் நின்றான். “என்னத்துக்கு அது?” என்று மாமி கேட்டதற்கு, “குப்பை ஒதுக்க,” என்றான். தண்ணீரில் குப்பை இல்லை.

சிறீகாந்தன் வெள்ளை வேட்டியோடு இலையை இரண்டு கையிலும் ஏந்தி இறங்கினான். கணுக்கால், முழங்கால், தொடை. தண்ணீருக்குள் ஐந்தாவது படியில் நின்று இலையை நீரில் வைத்து மெல்லத் தள்ளிவிட்டான். இலை சுற்றிக்கொண்டே பத்தடி போனது. பிறகு, நீர் நகர்ந்துகொண்டிருக்க, இலை மட்டும் நின்றது. அடுத்த கணம் அது அங்கே இல்லை. சத்தம் இல்லை, தெறிப்பு இல்லை. சட்டி அளவுக்கு ஒரு சுழி விழுந்து, மூடிக்கொண்டது.

“அண்ணா எடுத்திட்டார்!” மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். “எடுத்திட்டார் பிள்ளையள்!”

குருக்கள் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார். “இருபது வருஷமா செய்யுறேன்,” என்றார். “இப்படி ஒரு ஏற்பைப் பார்த்ததில்ல. அடுத்த ஞாயிறு ரெண்டு குடும்பம் இருக்கு. அவங்களையும் இங்கேயே வரச் சொல்லிடுறேன்.”

சிறீகாந்தன் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் கண்ணீர். அந்த முகத்தை அவள் ஒன்பது வருடமாகப் பார்த்ததில்லை.

“அக்கா, என் கையால குடுத்ததை வாங்கிக்கிட்டாருக்கா.”

“சரி தம்பி,” என்றார் குருக்கள். “மூணு தடவை முழுகிட்டு ஏறுங்க.”

அவள் சுகுமாறனைப் பார்த்தாள். கழியின் முனையை இலை மறைந்த இடத்தை நோக்கித் திருப்பியிருந்தான். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். சொல்வதென்றால் அவள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் தம்பிக்குக் கிடைத்த ஒன்றே ஒன்றும் போய்விடும். சிறீகாந்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினான்.

“சிறீ, முழுகாதே. ஏறி வா.”

“என்னக்கா?”

“முதலைடா. அதுதான் எடுத்தது. ஏறி வா.”

“வாயைக் கழுவு!” என்று மாமி கத்தினார். “நல்ல நாளில என்ன கதை கதைக்கிறாய்?”

சுகுமாறன் அதற்குள் தண்ணீரில் இறங்கி, கழியை சிறீகாந்தனுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீட்டிப் பிடித்திருந்தான். “ஏறுங்க சார்,” என்றான். “மேடம் சொல்றது நெசம்.”

சிறீகாந்தன் அசையவில்லை. “உனக்கு எப்படித் தெரியும்?”

“மூணு வாரமாத் தெரியும்.”

அவன் அந்த மூன்று வாரங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுபோல நின்றான். ஆறு அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு ஏறினான், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. அவளைக் கடக்கும்போது மட்டும் பேசினான். “தெரிஞ்சும் என்னை எறங்க விட்டே. சரி. அது முதலைங்கிறதையாவது சொல்லாம இருந்திருக்கலாம்.”

அன்றைக்கே அவள் எல்லாவற்றையும் எழுதினாள். தடத்தின் படங்கள், தேதி, கட்டை என்று தான் எழுதியது, கல்வரிசையைத் தான் அழித்தது. திறப்பு விழா தள்ளிவைக்கப்பட்டது. அவளும் சுகுமாறனும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை படிகளுக்கு இரும்பு வேலி போட்டார்கள். ஆனால் முந்நூறு மீட்டர் சரிவு முழுவதும் வேலி போட ஆளும் கம்பியும் இல்லை; சிவப்பு வலையைக் குச்சியில் கட்டிவிட்டுப் போனார்கள். வனவிலங்கு அதிகாரிகளின் கூண்டு அடுத்த புதன்கிழமைதான் வரும் என்றார்கள்.

அதற்கு முன் ஞாயிறு வந்தது. அவள் யாரும் சொல்லாமலே ஸ்கூடாயிலிருந்து புறப்பட்டு வந்தாள்.

சிவப்பு வலை ஒரு பக்கம் தரையில் மிதிபட்டுக் கிடந்தது. சரிவின் மேல் இரண்டு குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. அவர்களுக்குப் பின்னால் இன்னும் பல பேர், ஒரு காரியமும் இல்லாதவர்கள். ஆண்கள் கையில் வாழையிலைகள். பெண்கள் கையில் தூக்குச்சட்டிகள். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கறியின் மணம் சேற்று வாடையோடு கலந்து வந்தது. இந்த இடத்தில் ஆறு வாங்கிக்கொள்கிறது என்று மாமி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். எங்கே, எந்த மேட்டில் நின்று இலையை விட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தவன் சிறீகாந்தன்.

அவன் கன்றுகளுக்கு நடுவே, கணுக்கால் தண்ணீரில், ஆவி பறக்கும் சோற்றிலையோடு நின்றான். காலையில் எழுந்து சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வந்திருக்கிறான்.

“சிறீ,” என்றாள். “எத்தனை தடவை சொல்றது உனக்கு? முதலைடா அது.”

அவன் திரும்பவில்லை. “இருக்கட்டும்க்கா,” என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “முதலையாவே இருக்கட்டும். வாங்கிக்குதுல்ல.”

குனிந்து இலையை விட்டான். அது கன்றுகளைத் தாண்டி, வெளிச்சத்துக்குப் போய், சுற்றத் தொடங்கியது. மேலே நின்றவர்கள் கைப்பிள்ளைகளைக்கூட வாய் மூடிப் பிடித்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் சரியாகத் தெரியவேண்டுமென்று, ஒவ்வொருவராக, கீழே இறங்கி வந்தார்கள்.