அவசியம் என்று சொல்லக் கூடாத வாசல்

நெல்லிமேட்டில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் வாசலில் நின்று தலைப்பு வரியைச் சொல்ல வேண்டும். வந்த காரியம் என்ன என்று ஒரே வரி. கதவு அதைக் கேட்கும். சரியென்று பட்டால் திறக்கும். 'அவசரம்', 'இலவசம்', 'சும்மா', 'உடனே', 'அவசியம்' என்று ஏதாவது காதில் விழுந்தால் திறக்காது. வந்தவரின் கால்கள் தாமாகத் திரும்பி, தெருக்கோடியில் வேண்டாதவர்களை ஒதுக்கி வைக்கிற ஸ்பேம் கொட்டகைக்கு அவரை நடத்திக்கொண்டு போய்விடும். சாயங்காலம் கொட்டகையைப் பெருக்கிவிட்டு எல்லோரையும் வெளியே விடுவார்கள். வீட்டுக்காரருக்கு யாரோ வந்து போனதே தெரியாது.

மங்கையர்க்கரசிக்கு இதனால் முன்பெல்லாம் ஒரு தொல்லையும் வந்ததில்லை. அவள் அண்ணன் குஞ்சிதபாதத்தின் வீட்டுப் பழைய கதவு அரைச் செவிடு. யார் என்ன சொன்னாலும் திறந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு அவர் தேக்கில் புதுக் கதவு போட்டார். அதற்குப் பாம்புச் செவி.

வெள்ளிக்கிழமை அரசியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் குழந்தைக்கு மடி கிடையாது. அந்த மாமனையும் நேரில் போய், தாம்பாளத்தை நீட்டி, 'அவசியம் வரணும்' என்று அழைக்க வேண்டும். போனில் சொன்னால் அது வெறும் தகவல். ஆளுக்கு மரியாதை செய்ததாகாது.

அரசி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு, பழம், கற்கண்டுடன் அண்ணன் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, யாழினிக்குக் காதுகுத்து. அவசியம் வரணும்."

அவள் கால்கள் திரும்பிவிட்டன.

கொட்டகையில் நல்ல கூட்டம். பக்கத்து வீட்டில் தீப்பிடித்ததை 'உடனே வாங்க' என்று சொல்லப் போனவர் ஒரு மூலையில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து முருங்கைக்காயைச் 'சும்மா எடுத்துக்கங்க' என்று கொடுக்கப் போன டீச்சர், காய்க்கட்டை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டார். அரசி ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கூடப் பிறந்தவளைக் குப்பையில் தள்ளுகிற கதவும் ஒரு கதவா?

கொட்டகை ஜன்னல் வழியே அண்ணன் வீட்டு வாசல் தெரிந்தது. ஊர் ஊராகப் போய் ஓட்டைக் குக்கரைத் தலையில் கட்டுகிற ஒருத்தன் அங்கே வந்து நின்றான். "வணக்கம், நீங்க கேட்ட விவரம்" என்று வெண்ணெய் வழியச் சொன்னான். கதவு அகலத் திறந்தது. உள்ளே காபி ஆற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. அரசிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரிந்தவன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், மனசில் இருப்பதை அப்படியே சொன்னவள் இங்கே கொசுக்கடியில் கிடக்கிறாள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. "வெள்ளிக்கிழமை விஷயமா" என்றாள். கதவு திறந்தது.

குஞ்சிதபாதம் புதுக் குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார், வாங்கவில்லை.

"விஷயமா-ன்னு சொல்லிக்கிட்டு வர்றே. கரண்ட் பில் கட்டச் சொல்ல வந்தவன்கூட இப்படி வரமாட்டான். தாய்மாமனைக் கூப்பிடுற லட்சணமா இது?"

"அவசியம் வரணும்ணே. அதைச் சொல்லத்தானே வந்தேன்."

"இப்பச் சொல்றே. வாசல்ல சொன்னியா?"

"சொன்னா உங்க கதவு விடமாட்டேங்குதே!"

"கதவு மேல பழி போடாதே. மனசிருந்தா மொத வார்த்தையே அதுவா வந்திருக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அரசிக்குத் தாங்கவே முடியவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வரும்போது கதவை ஒரு முறை முறைத்தாள். அது பளபளவென்று நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் பந்தலில் எல்லாம் தயார். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மடிதான் இல்லை. 'என் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா' என்று கணவன் இழுத்தான். அரசி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அவள் குழந்தையை இடுப்பில் தூக்கினாள். கணவன், ஆசாரி, சமையல்காரர், கேசரி அண்டா எல்லாம் பின்னால் வர, அண்ணன் வாசலில் போய் நின்றாள். இனிமேல் அளந்து பேச அவளால் ஆகாது.

"அண்ணே! அவசியம் வரணும்! உடனே வரணும்! இன்னிக்கு விட்டா இல்லே!"

தெருவே அதிர்ந்தது. அவள் காலும், பின்னால் வந்த அத்தனை பேர் காலும் கொட்டகைப் பக்கம் திரும்பின. ஆனால் அவ்வளவு சத்தத்தை எந்தத் தேக்கும் தடுக்க முடியாது. மாடியில் இருந்த குஞ்சிதபாதத்தின் காதில் 'அவசியம்' விழுந்துவிட்டது. வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து வாசற்படியைத் தாண்டினார்.

"இதோ உடனே வந்துட்டேம்மா!"

வெளியே போகிற வார்த்தையையும் கதவு கேட்கும். அவர் காலும் திரும்பியது.

கொட்டகைக்குள் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியை விரித்தார். யாழினியை அதில் வைத்தார்கள். ஆசாரி குத்தினார், குழந்தை வீரிட்டாள், மாமன் அவளைவிட அதிகமாக அழுதார். அன்றைக்கும் வந்து மாட்டியிருந்த முருங்கைக்காய் டீச்சர் ஆரத்தி எடுத்தார். தீப்பிடித்ததை இன்னும் சொல்லி முடிக்காதவர் தண்ணீர் பரிமாற எழுந்தார்.

முதல் பந்தி உட்காரும்போது கொட்டகை வாசல் இருட்டியது. குஞ்சிதபாதத்தின் வீட்டுக் கதவு வந்து நின்றுகொண்டிருந்தது. கீல்கள் பக்கத்தில் தொங்கின.

"இவ்வளவு பேரைக் கூப்பிட்டீங்க" என்றது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

அரசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் உள்ளே அழைக்காத வீட்டு வாசலில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த வாரம் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு குங்குமச் சிமிழை எடுத்தாள். கதவின் நெற்றியில் வைத்தாள்.

"குடும்பத்தோட அவசியம் வரணும்."

கதவு சந்துப் பக்கம் திரும்பிக் கையசைத்தது. அங்கே வெயிலில் நின்றிருந்த இரண்டு சின்ன ஜன்னல்கள் உள்ளே ஓடிவந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கேசரி எப்போது வரும் என்று கேட்டன.